எல்லோருக்குமான மதம்: கொல்கத்தா நாட்குறிப்பு

ஜனவரி 21, ஆம்ஹர்ஸ்ட் தெரு

பகல் பதினோரு மணி ஆகியும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ஈரமும் புகையும் கலந்த குளிர், சால்வைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. தெருவில் குழந்தை முதல் கிழவர் வரை குரங்குக் குல்லாய். மண் குவளையில் தேநீர் பத்து ரூபாய். குவளையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் சுகத்துக்காகவே இரண்டாவது குவளையும் வாங்கினேன்.

"எம்மதமும் சம்மதம்" என்று பள்ளிச் சுவர்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். என்றும் இருந்துவரும் உண்மை போல அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். இன்றைய வடிவில் அதை வாதிட்டு நிறுவியவர்கள், அதற்குக் கட்டடம் எழுப்பியவர்கள், அதன் பொருட்டே சண்டையிட்டுப் பிரிந்தவர்கள் எனப் பலர் இந்த ஊரின் வடபகுதியில் சில மைல் சுற்றளவுக்குள் வாழ்ந்தார்கள். அந்த இடங்களை நடந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் ராம்மோகன் ராய் வீடு. இப்போது அருங்காட்சியகம். உயரமான தூண்கள், அகலமான படிகள். உடன்கட்டை ஏறுதலை எதிர்த்தவர் என்று நம் பாடப்புத்தகங்கள் அவரை இரண்டு வரியில் முடித்துவிடும். இளமையில் அரபும் பாரசீகமும் கற்ற இந்த வங்காளப் பிராமணர், ஏறத்தாழ 1804-இல் எழுதிய முதல் நூலே பாரசீக மொழியில்தான்; முன்னுரை அரபு மொழியில். ஒரே கடவுள் என்பதே அதன் சாரம். பிறகு உபநிடதங்களை வங்காளியில் பெயர்த்தார். 1820-இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து, அற்புதங்களை விட்டுவிட்டு வெளியிட்டார். செராம்பூர் மிஷனரிகளுக்குக் கடுங்கோபம். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக எபிரேயமும் கிரேக்கமும் மூலத்தில் படித்தார். அவரோடு உரையாடிய வில்லியம் ஆடம் என்ற மிஷனரி கடைசியில் தந்தை, மகன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தையே கைவிட்டார்.

என்னை அதிகம் அசைத்தது ஒரு சொத்துப் பத்திரம். 1828-இல் ராம்மோகன் தொடங்கிய பிரம்ம சபைக்குச் சித்பூர் சாலையில் வீடு வாங்கி, 1830 ஜனவரி 8-ஆம் தேதி எழுதிய அறக்கட்டளைப் பத்திரம் அது. ஒழுங்காக நடந்துகொள்ளும் எவரும், எந்த வேறுபாடும் இன்றி, இங்கே வந்து வழிபடலாம். உருவம் கூடாது, பலி கூடாது. கூடவே இன்னொரு நிபந்தனை: பிறர் வணங்கும் எந்தப் பொருளையும் இந்தக் கூரையின் கீழ் இழிவாகப் பேசக் கூடாது. உருவ வழிபாட்டை வாழ்நாள் முழுவதும் எதிர்த்து எழுதிய மனிதர், தன் வழிபாட்டு இடத்தில் அதை ஏளனம் செய்யக் கூடாது என்று சட்ட மொழியில் எழுதி வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகள் நெருங்கியும் நம்மால் கடைப்பிடிக்க முடியாத நிபந்தனை.

இரவு உணவு பட்டாணிக் கசௌரி. பச்சைப் பட்டாணியை இஞ்சியோடு அரைத்து உள்ளே வைத்துப் பொரிக்கிறார்கள். குளிர்காலத்தில்தான் கிடைக்குமாம். நான்கு கசௌரியும் உருளைக்கிழங்குக் கறியும் ஐம்பது ரூபாய்.

ஜனவரி 22, தட்சிணேஸ்வரம், பேலூர்

மெட்ரோ ரயில் தட்சிணேஸ்வரம் வரை போகிறது. அங்கிருந்து கோயில் வரை மேம்பால நடைபாதை. இருபுறமும் கடைகள், செம்பருத்தி மாலைக் குவியல்கள். கைபேசியும் செருப்பும் வெளியே. வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், இடையில் புகுந்த இரண்டு இளைஞர்களிடம் குரல் உயர்த்தாமல், "மகன்களே, அம்மா எங்கும் போய்விட மாட்டாள், பின்னால் வாருங்கள்" என்றார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள்.

ஒன்பது சிகரங்கள் கொண்ட பவதாரிணி (காளி) கோயில், எதிரே ஆற்றைப் பார்த்தபடி பன்னிரண்டு சிவன் கோயில்கள், ஒரு புறம் ராதாகாந்தர். கட்டியவர் ராணி ராசமணி. குடமுழுக்கு 1855 மே 31. தாழ்ந்ததாகக் கருதப்பட்ட கைவர்த்தர் குலத்தவர் அவர் என்பதால் அன்னம் நிவேதிக்கப் பிராமணர்கள் மறுத்தார்கள். சொத்தை ஒரு பிராமணர் பெயருக்கு எழுதிவைத்த பிறகுதான் பூஜையே நடந்தது; அந்த வழியைச் சொன்னவர் ராமகிருஷ்ணரின் அண்ணன் ராம்குமார். எல்லா மதங்களும் இடம்பெற்ற வளாகம் என்று இன்று புகழப்படும் இடத்தில், கட்டியவருக்கே இடம் எளிதாகக் கிடைக்கவில்லை.

நிலத்தின் கதையும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பகுதி ஆங்கிலேயர் ஒருவரின் தோட்டம். இன்னொரு பகுதி பழைய முஸ்லிம் அடக்கத் தலம். ஆமை முதுகு போல மேடாக இருந்ததால் சக்தி வழிபாட்டுக்கு உகந்தது என்று தேர்ந்தெடுத்தார்களாம். காஜி பீர் என்ற முஸ்லிம் பெரியவரின் நினைவாக ஒரு மரத்தடி இன்றும் வளாகத்துக்குள் இருக்கிறது. அங்கே கூட்டமே இல்லை. மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை ஒதுக்கி, நிற்க இடம் விட்டார்.

1866-இல் ராமகிருஷ்ணர் இஸ்லாமிய வழியில் ஆன்மிகப் பயிற்சி செய்தார். கற்றுக்கொடுத்தவர் கோவிந்த ராய். இந்துவாகப் பிறந்து சூஃபி வழியில் போனவர். அந்த நாட்களில் ராமகிருஷ்ணர் கோயிலுக்குள் வருவதை நிறுத்தினார். முஸ்லிம்களைப் போல உடுத்தினார், அல்லாவின் பெயரைச் சொன்னார், தொழுதார். காளி படத்தைப் பார்க்கும் எண்ணமே எழவில்லை என்று பின்னாளில் சொன்னார். முஸ்லிம் உணவு வேண்டும் என்று கேட்டபோது ராணியின் மருமகன் மதுர் பாபு திகைத்துப்போய், முஸ்லிம் சமையல்காரர் அருகில் நின்று சொல்லச் சொல்லப் பிராமணர் சமைக்க ஏற்பாடு செய்தார். மூன்று நாட்களில் அந்த வழியின் முடிவைக் கண்டதாக அவருடைய சீடர்கள் எழுதுகிறார்கள். 1874-இல் ஷம்பு மல்லிக் என்ற அன்பர் பைபிளை வாசித்துக் காட்ட, கிறிஸ்துவின் வழி.

மூன்று நாள் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு முஸ்லிமின் வாழ்நாள் தொழுகையை மூன்று நாள் அனுபவத்தோடு வைத்துப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. எனக்கும் அது உண்டு. ஆனாலும் அவர் வடமேற்கு மூலை அறையில், சிறிய கட்டிலின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இன்னொரு மதத்தை மதிக்கிறேன் என்று சொல்வதற்காகத் தன் தெய்வத்தை விட்டு வெளியே போய் நின்றவர் எத்தனை பேர்? காளியைக் காணாவிட்டால் உயிரை விடுவேன் என்று கத்தியை எடுத்தவர், அதே காளி கோயிலின் வாசலுக்கு வெளியே தங்கியிருக்கிறார்.

எதிர்க்கரையில் தெற்கே பேலூருக்கு லாஞ்ச் (விசைப்படகு) உண்டு. கட்டணம் இருபது ரூபாய்க்குள். ஆனால் ஆற்றின் மேல் மூடுபனி. துறையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஒருவரும் கத்தவில்லை. வேர்க்கடலைக்காரர் மட்டும் மூன்று முறை வந்து போனார். பனி விலகி அக்கரை சேர்ந்தபோது பேலூர் மடத்தின் பகல் அடைப்பு நேரம். மூன்றரை மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியே ஓலைக் கூரைக் கடையில் சோறு, பருப்பு, கடுகு அரைத்த மீன் குழம்பு, எண்பது ரூபாய். "திதி (அக்கா), முள் பார்த்து" என்று கடைக்காரர் இரண்டு முறை எச்சரித்தார்.

பேலூர்க் கோயில் 1938 ஜனவரி 14-இல் திறக்கப்பட்டது. விவேகானந்தர் மனத்தில் கண்ட வடிவத்துக்கு வரைபடம் தந்தவர் துறவியாகிவிட்ட பொறியாளர், சுவாமி விஞ்ஞானானந்தர். வாசலில் பௌத்தக் குகைகளின் சாயல், மேலே தென்னாட்டுக் கோபுரத்தின் நினைவு, பக்கவாட்டில் ராஜபுத்திர, முகலாய மாடங்கள். உள்ளே நுழைந்தால் இருபுறமும் தூண்கள் அணிவகுத்த நீண்ட கூடம், தேவாலயத்தின் அமைப்பு. இத்தனையும் சேர்ந்தால் கண்ணுக்கு உறுத்துமோ என்று அஞ்சிப் போனேன். உறுத்தவில்லை. தூரத்தில் நின்று பார்த்தால் எதையும் தனியாகப் பிரிக்கத் தோன்றவில்லை.

மாலை ஆரத்தி. விவேகானந்தரே இயற்றிய பாடலை, தரையில் சம்மணமிட்ட ஆயிரக்கணக்கானோர் ஒரே சுருதியில் பாடினார்கள். ஒவ்வொரு டிசம்பர் 24-ஆம் தேதி மாலையும் இங்கே இயேசுவின் படத்துக்கு மலர் சூட்டி வழிபடுகிறார்கள் என்று பக்கத்தில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவி மெதுவாகச் சொன்னாள். "கேக்கும் படைப்பார்கள்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஜனவரி 23

நேதாஜி பிறந்த நாள், விடுமுறை. தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. எனக்கு இருமலும் லேசான காய்ச்சலும். விடுதிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைப் பெஞ்சுதான் இன்றைய பயணம்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எங்கிருந்து, எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, "1980-களில் இங்கே நடந்த வழக்கு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். ஓரளவு தெரியும். மேற்கு வங்கத்தில் கல்லூரி நிர்வாகம் தொடர்பாக அரசோடும் ஆசிரியர்களோடும் எழுந்த சிக்கலில், ராமகிருஷ்ண மிஷன், தன்னுடையது இந்து மதத்திலிருந்து வேறான மதம், ஆகவே சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தில் வாதிட்டது. உயர்நீதிமன்றம் ஏற்றது. 1995-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது: இந்து மதத்துக்குள் ஒரு தனிப் பிரிவு, அவ்வளவுதான்.

"அந்தத் தீர்ப்பு வந்த நாளில் என் அம்மாவுக்கு நிம்மதி" என்றார் அவர். "ஐம்பது ஆண்டுகளாகத் தாகூரை (ராமகிருஷ்ணரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) பூஜை அறையில் வைத்திருக்கிறேன், என்னை இந்து இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று தூங்காமல் இருந்தாள்."

நிர்வாகச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். கேள்வி விவேகானந்தரிடமே இருக்கிறது. 1900 ஜனவரியில் பாசடீனாவில் பேசும்போது, உலகம் முழுவதற்கும் ஒரே சடங்கு, ஒரே புராணம் என்பது நடக்காது, நடக்கவும் வேண்டாம் என்றார். செயல், பக்தி, யோகம், ஞானம் என்று மனிதர்களின் இயல்புக்கு ஏற்ற எல்லா வழிகளுக்கும் இடம் தருவதே தன் மதம் என்றார். இன்னொரு பக்கம், ஒரு மனிதரின் வரலாற்றைச் சாராமல் தத்துவத்தைச் சார்ந்திருப்பதால் வேதாந்தமே உலக மதமாகும் தகுதி உடையது என்றும் வாதிட்டார். எல்லோருக்கும் பந்தியில் இடம் உண்டு, பந்தி மட்டும் எங்கள் வீட்டில் என்று ஒரு கிறிஸ்தவரோ முஸ்லிமோ இதைப் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அதே விவேகானந்தர் 1898 ஜூனில் அல்மோராவிலிருந்து முகமது சர்ஃபராஸ் உசேன் என்ற முஸ்லிம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நடைமுறையில் சமத்துவத்தை நெருங்கிய மதம் இஸ்லாம் மட்டுமே என்று ஒப்புக்கொள்கிறார். வேதமும் பைபிளும் குர்ஆனும் இல்லாத ஓர் இடத்துக்கு மனித குலத்தை அழைத்துச் செல்ல வேண்டும், ஆனால் அவற்றை இணக்கப்படுத்தியே அங்கே போக முடியும் என்கிறார். இந்தக் கடிதம் இல்லாமல் அவரைப் படிப்பவர்கள் பாதி மனிதரைத்தான் படிக்கிறார்கள்.

பெரியவர் என் தேநீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டார். மறுத்தால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது.

ஜனவரி 24, கேசவ சந்திர சென் தெரு

காய்ச்சல் விட்டது. வெயிலும் வந்தது. காலையில் சிம்லா பகுதியில் விவேகானந்தர் பிறந்த வீடு. அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். அதிக நேரம் நிற்கவில்லை.

அங்கிருந்து நடந்து கேசவ சந்திர சென் தெரு. கிழக்கே போனால் ராஜாபஜாரின் முஸ்லிம் குடியிருப்புகள். தெருவின் நெரிசலுக்குள் 1869-இல் திறக்கப்பட்ட பிரம்ம மந்திர். கதவு சாத்தியிருந்தது. எதிர்க்கடைக்காரர், "வழிபாட்டு நேரத்தில் வந்தால் திறந்திருக்கும்" என்று சொல்லி, முகப்பை நன்றாகப் பார்க்கும்படி தன் சைக்கிளை நகர்த்தி வைத்தார்.

பிரம்ம சமாஜத் தலைவர்களுள் ஒருவரான கேசவ சந்திர சென் இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய மறக்கப்பட்டவர். 1864-இல் சென்னைக்கு வந்து உரையாற்றினார்; அதன் விளைவாக அங்கே வேத சமாஜம் தொடங்கியது. ராம்மோகனின் சபையிலிருந்து வளர்ந்த பிரம்ம சமாஜத்தை வழிநடத்திய தேவேந்திரநாத் தாகூரிடமிருந்து பிரிந்து 1866-இல் தனிச் சமாஜம் அமைத்தார். அந்த ஆண்டே பல மதங்களின் நூல்களிலிருந்து வசனங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1875-இல் ராமகிருஷ்ணரைச் சந்தித்தார். அவரைக் கல்கத்தாவின் படித்த வர்க்கத்துக்கு அறிமுகப்படுத்தியதில் கேசவரின் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1880-இல் நவ விதானம் என்ற புதிய நெறியை அறிவித்தார். சிலுவையும் பிறையும் சூலமும் ஒரே சின்னத்தில் சேர்ந்தன.

சின்னங்களைச் சேர்ப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. அவர் செய்த வேறொரு காரியத்துக்காகத்தான் இந்தத் தெருவுக்கு வந்தேன். தன் சீடர்களுக்கு ஆளுக்கொரு மதத்தை ஒப்படைத்தார்: கௌர் கோவிந்த ராய்க்கு இந்து மதம், அகோர்நாத் குப்தாவுக்குப் பௌத்தம், பிரதாப் சந்திர மஜும்தாருக்குக் கிறிஸ்தவம், கிரீஷ் சந்திர சென்னுக்கு இஸ்லாம். படியுங்கள், மூல மொழியில் படியுங்கள், பிறகு எழுதுங்கள் என்றார்.

கிரீஷ் சென் நாற்பது வயதைக் கடந்த பின் 1876-இல் லக்னோ போய் ஒரு மௌலவியிடம் மாணவராக அமர்ந்து அரபு இலக்கணம் படித்தார். 1881 முதல் 1886 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது அவருடைய குர்ஆன் வங்காளி மொழிபெயர்ப்பு, முழுமையாக, உரைக் குறிப்புகளோடு. செய்தவர் முஸ்லிம் அல்லர். முஸ்லிம் அறிஞர்கள் சிலரே அதைப் பாராட்டி எழுதினார்கள். இந்தப் பயணத்தில் நான் கேட்ட பெயர்களுள் என் மனம் மிகவும் வணங்கும் பெயர் இதுதான். எல்லாம் ஒன்றே என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அடுத்தவர் எதை ஓதுகிறார், அந்தச் சொல்லுக்கு அவர் என்ன பொருள் கொள்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைக் கொடுத்தவர் கிரீஷ் சென். அவர் பெயரில் ஒரு பெரிய சிலையை நான் இந்த ஊரில் பார்க்கவில்லை.

மதியம் ரவீந்திர சரணி (அன்றைய சித்பூர் சாலை) வழியாக நாகோதா மசூதி வரை நடந்தேன். சிக்கந்திராவில் உள்ள அக்பரின் கல்லறையை மாதிரியாகக் கொண்டு கட்டியது. எல்லா மதத்தவரையும் ஒரே அவையில் அமர்த்தி வாதிட வைத்த அக்பரின் சாயல், ராம்மோகன் சபை இருந்த அதே சாலையில்! பக்கத்துத் தெருவில் ரொட்டியும் சாப் என்ற ஆட்டிறைச்சிக் கறியும் 180 ரூபாய். கூட்ட நேரத்தில் ஒரே மேசையில் முன்பின் அறியாத நால்வர். எதிரில் இருந்தவர் தன் தட்டில் இருந்த வெங்காயத்தையும் எலுமிச்சையையும் கேட்காமலே என் பக்கம் தள்ளினார்.

ஜனவரி 25, விதான் சரணி

வங்காள நாட்காட்டியில் மாக மாதம் 11. 1830-இல் ராம்மோகனின் சபைக் கட்டடம் திறக்கப்பட்ட நாள். பிரம்ம சமாஜத்தாரின் பெரிய திருவிழா. அதிகாலையிலேயே 'சாதாரண பிரம்ம சமாஜம்' என்ற பெயர் கொண்ட பிரிவின் மந்திருக்குப் போனேன். டிராம் தண்டவாளம் ஓடும் தெரு. பெயர் கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. வாசலில் நின்ற பெண் பாட்டுத் தாளைக் கொடுத்து, காற்று வராத பெஞ்சைக் காட்டினார்.

உருவம் இல்லை, விளக்கு இல்லை. நீண்ட பெஞ்சுகள், ஒரு மேடை, பூக்கள். எஸ்ராஜ் வாத்தியத்தோடு பிரம்ம சங்கீதம் தொடங்கியது. எனக்கு வங்காளி அரைகுறைதான். ஆனாலும் மூன்றாம் பாட்டில் கண் கலங்கியது. விவேகானந்தர் என்ற துறவியாகும் முன் நரேந்திரநாத் என்ற இளைஞன் இந்தச் சமாஜத்தின் உறுப்பினனாகப் பாடியவன்.

இந்தச் சமாஜம் கேசவரின் சமாஜத்திலிருந்து பிரிந்ததே ஒரு திருமணத்தால். 1878-இல் கேசவர் தன் மகளை, சமாஜம் போராடிப் பெற்ற 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் சொன்ன வயது நிறையும் முன்பே கூச் பிஹார் அரச குடும்பத்துக்கு மணமுடித்துக் கொடுத்தார். கொதித்தெழுந்தவர்கள் சில மாதங்களில் இதை நிறுவினார்கள். எல்லா மதங்களையும் அணைத்த மனிதர் தன் வீட்டில் தவறியதை அவருடைய தோழர்கள் மன்னிக்கவில்லை. அவர்கள் செய்தது சரி.

வழிபாடு முடிந்ததும் பக்கத்தில் இருந்த எண்பது வயது அம்மாள் டப்பாவைத் திறந்து, நாட்டு வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டிய உருண்டைகளைக் கொடுத்தார். அவருடைய பாட்டி அந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம் செய்தவராம். அந்தச் சட்டத்தின்படி மணமக்கள் தாங்கள் இந்து அல்லர், கிறிஸ்தவர் அல்லர், முஸ்லிம் அல்லர், பௌத்தர் அல்லர், பார்சி, சீக்கியர், சமணர், யூதர் எவரும் அல்லர் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். "எல்லா மதத்தையும் தன்னுடையதாக நினைத்தவள். பதிவாளர் முன்னால் ஒவ்வொன்றாக மறுத்துச் சொன்னபோது அழுதுவிட்டாளாம்" என்றார். தேநீர்க் கடைப் பெரியவரின் தாயாரைப் பற்றிச் சொன்னேன். "பாவம், இரண்டு பேரையுமே சட்டம் நிம்மதியாக இருக்க விடவில்லை" என்றார்.

"உங்கள் ஊரில் இப்படி உருவம் இல்லாமல் வழிபடும் இடம் உண்டா?" என்று கேட்டார். வடலூரைச் சொன்னேன். வள்ளலார் 1865-இல் சங்கம் தொடங்கியது, சத்திய ஞான சபையில் ஜோதி மட்டுமே இருப்பது, 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது எல்லாவற்றையும். அடுப்பைப் பற்றித்தான் அவர் மேலும் மேலும் கேட்டார். யாருக்கு வேண்டுமானாலும் சோறு உண்டா? சாதி கேட்க மாட்டார்களா? பணம்? கேட்க மாட்டார்கள், பணம் வேண்டாம் என்றேன். கைப்பையிலிருந்து சிறிய குறிப்பேட்டை எடுத்து, சென்னையிலிருந்து எப்படிப் போவது என்று எழுதிக்கொண்டார். கடலூர் மாவட்டம், பஸ் உண்டு, ரயிலும் உண்டு, தைப்பூசத்தன்று மட்டும் கூட்டம் தாங்காது, வேறு நாளில் வாருங்கள் என்று சொல்லி என் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.